“கிட்டக்க போனா எக்ஸ்ட்ரா தர்றேன்ணா!” - ஏரி, காடு ட்ரிப்ல டிப்ஸ் யாருக்கு, எப்போ, எவ்வளவு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, தடா பக்கம் ஸ்ரீசிட்டியிலோ வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை வீக் ஆஃப். ஆரம்பாக்கத்தில் டீ குடித்துவிட்டு கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரைப் பக்கம் வண்டியை விடுகிறார்கள். உள்ளூர் மீனவ அண்ணன் ஒருவர் கூட வருகிறார். சேறு எங்கே உள்வாங்கும், பறவை எந்தத் திட்டில் இறங்கும், வெயில் ஏறினால் எந்தப் பக்கம் நிற்கணும் என எல்லாம் அவருக்குத் தெரியும். காலை முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பியாச்சு. பேசின காசையும் கொடுத்தாச்சு. கிளம்பும்போது நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள்.

“மச்சி, தனியா ஏதாச்சும் தரணுமாடா?”

“எவ்ளோ தர்றது?”

“நீ ஜிபே பண்ணு, அப்புறம் பிரிச்சுக்கலாம்.”

இவர்கள் முடிவு பண்ணுவதற்குள் அண்ணன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி தூரம் போயிருப்பார்.

ஹோட்டலில் இந்தக் குழப்பம் இல்லை. பில்லோடு சோம்புத் தட்டு வருகிறது, மீதிச் சில்லறையை அதிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். ஏரிக்கரையிலும் காட்டிலும் அந்தத் தட்டை யாரும் நீட்டுவதில்லை. இணையத்தில் தேடினாலும் பெரும்பாலும் அமெரிக்க, ஆப்பிரிக்க வேட்டைப் பயணங்களுக்கான கணக்குதான் வந்து நிற்கும். அமெரிக்காவில் கைடு வைத்து வேட்டைக்குப் போகிறவர்கள் பயணக் கட்டணத்தில் 10 முதல் 20 சதவிகிதம் வரை டிப்ஸ் தருவது வழக்கம். தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கம் வேட்டையை நடத்துபவருக்குத் தனி, தடம் பார்ப்பவருக்குத் தனி, தோல் உரிப்பவருக்குத் தனி, சமையல்காரருக்குத் தனி என்று கவர் போட்டுக் கொடுப்பார்கள்.

நம்ம ஊரில் அந்தக் கணக்குக்கே வேலை இல்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்பது இங்கே சுற்றுலா கிடையாது, குற்றம். ஆனால் வேட்டைக் காலத்தில் துரைமார்களுக்கு வழிகாட்டியவர்களின் வேலையைத்தான் இன்றைக்கு சஃபாரி கைடுகளும் படகுக்காரர்களும் செய்கிறார்கள். துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா வந்திருக்கிறது. காசு கொடுக்கிற பழக்கம் மட்டும் பெரிதாக மாறவில்லை. சிக்கலும் அங்கேதான்.

சுட்டால்தான் இனாம்

ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி வேட்டைக்குப் பேர்போன இடம். மிருகங்கள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்து 1877-ல் அங்கே வேட்டைக்காரர்களே சேர்ந்து நீலகிரி கேம் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1879-ல் தனிச் சட்டமே வந்தது. வேட்டைக்கு வருகிற துரைக்குக் காடு தெரியாது. தடம் பார்க்க, பரண் கட்ட, தப்பட்டை அடித்து மிருகத்தை விரட்டிக்கொண்டு வர என எல்லாவற்றுக்கும் இருளர், குறும்பர் போன்ற உள்ளூர் மக்கள்தான் வேண்டும். இதற்கு அன்றாடக் கூலி கொஞ்சம் உண்டு. மிருகம் விழுந்தால் இனாம் தனி. பக்‌ஷீஸ் என்பார்கள்.

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்களுக்கு பைராவைத் தெரிந்திருக்கும். தர்மபுரிப் பக்கத்துக் காட்டில் வாழ்ந்த பூசாரி இனத்து மனிதர். காலடித் தடம், உடைந்த குச்சி, குரங்கின் சத்தம் இதையெல்லாம் வைத்தே மிருகம் எங்கே என்று சொல்லிவிடுகிறவர். அட்டையில் ஆண்டர்சன் பெயர் இருந்தாலும், அந்தக் கதைகளில் பாதி வேலை பைரா போன்றவர்களுடையது.

மிருகம் விழுந்தால்தான் இனாம் என்பதற்கு என்ன அர்த்தம்? கூட வருகிறவர் அபாயத்தைப் பார்க்காமல் உள்ளே போவார். மிருகத்தை எப்படியாவது எதிரே கொண்டுவந்து நிறுத்தப் பார்ப்பார். அடிபட்டால் அவர்தான் முதலில் அடிபடுவார். “புலியைக் காட்டுங்கண்ணா, 500 ரூபாய் தர்றேன்” என்று இன்றைக்கு ஜீப்பில் ஏறியதும் சொல்கிறோமே, அதுவும் இதே கணக்குதான்.

இலங்கையின் யால பூங்காவுக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். சிறுத்தை ஒன்று தெரிந்தது என்று தகவல் வந்தால் போதும், ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரே இடத்தில் வந்து குவியும். ஓட்டுநர்களைத் திட்டுவது சுலபம். பின்சீட்டில் இருக்கிறவர் சிறுத்தைக்கு விலை பேசிவிட்டு ஏறியிருந்தால் ஓட்டுநர் வேறென்ன செய்வார்?

பறக்கிற போட்டோ என்ன விலை?

பழவேற்காடு ஏரிக்கு அக்டோபர், நவம்பரில் இருந்து மார்ச் வரைக்கும் பூநாரைகள் வரும். ஆழம் குறைந்த ஏரி. பெரும்பாலான இடங்களில் சராசரியாக ஒரு மீட்டர் தண்ணீர்தான். அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றோடு உறிஞ்சி, இரையை மட்டும் வடிகட்டிச் சாப்பிடும் பறவைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். நாள் முழுக்கத் தலையைக் குனிந்தபடி மேய்ந்துகொண்டே இருக்கும்.

மேய்கிற பூநாரை இன்ஸ்டாவில் எடுபடாது. சிவப்பும் கறுப்புமாக றெக்கை விரித்து ஒரு கூட்டமே எழும்பணும், அதுதான் ரீல்ஸுக்கு வேணும். “அண்ணா, கொஞ்சம் கிட்டக்க போங்கண்ணா, ஒருவாட்டி கிளம்பட்டும், எக்ஸ்ட்ரா தர்றேன்” என்ற குரல் வருவது இங்கேதான். பூநாரை சட்டென்று எழும்பக்கூடிய பறவை இல்லை. தண்ணீர்மேல் ஓடி, வேகம் பிடித்து, அப்புறம்தான் பறக்கும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் சாப்பாடு நிற்கிறது, உடம்பில் சேர்த்த சக்தி செலவாகிறது. காலையில் நாலு குரூப் வந்து நாலு முறை கிளப்பினால் அந்தக் கூட்டம் வேறு இடம் பார்த்துப் போய்விடும். அப்புறம் அந்த அண்ணனுக்கும் வேலை இல்லை.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1972 சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குச் சுடுவது மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, விரட்டுவது எல்லாமே அந்த விளக்கத்துக்குள் வரும். சரணாலய எல்லைக்குள் விலங்கையோ பறவையையோ சீண்டுவதற்கே தனியாகத் தடை இருக்கிறது. பழவேற்காடு ஒரு பறவைகள் சரணாலயம். மாட்டினால் போட்டோ எடுத்தவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். கூட்டிப்போனவர் ஊர்க்காரர், அவரைத் தேடி வீட்டுக்கே வருவார்கள்.

இன்னொன்றும் சொல்லியாகணும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. தடை இருக்கிற இடத்தில் “யாருக்கும் தெரியாம ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணா” என்று கூடுதலாகக் காசு நீட்டுவதற்குப் பெயர் டிப்ஸ் இல்லை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல், இன்னும் ரெண்டு பேரை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் காசு நீட்டுவதும் அப்படித்தான். வீட்டில் கஷ்டம் இருக்கிறவரால் அந்தக் காசை வேண்டாம் என்று சொல்வது லேசில்லை. கேட்காமல் இருக்கவேண்டியது நாம்தான். படகு விஷயத்தில் இப்போது என்ன அனுமதி என்று கிளம்பும் முன்பே வனத்துறையிடமோ போலீஸிடமோ கேட்டுவிடுங்கள். கரையில் நின்றே பார்க்க நிறைய இருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோடு ஏரியை வெட்டிக்கொண்டு போகும். சீஸனில் ரோட்டோரம் நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம், பைனாகுலர் இருந்தால் போதும்.

புலிகள் காப்பகங்களுக்கு தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் தந்த வழிகாட்டுதல்படி, எந்த விலங்கிடமிருந்தும் 20 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்கணும். “20 மீட்டருக்கு மேல போகாதீங்கண்ணா, நாங்க ஜூம் பண்ணிக்கிறோம்” என்று நீங்களே முதலில் சொல்லிப் பாருங்கள். பல கைடுகளுக்கு அதைக் கேட்கவே நிம்மதியாக இருக்கும்.

அதனால், ஏறும்போது டிப்ஸ் பற்றிப் பேசவே பேசாதீர்கள். இறங்கிய பிறகு கொடுங்கள். புலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பூநாரை கிட்டே வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டா வேற, டிப்ஸ் வேற

நம்மிடம் இதற்கெல்லாம் ஏற்கெனவே நல்ல சொற்கள் இருக்கின்றன. வாடகைக் கார் டிரைவருக்குத் தருவது பேட்டா. அது அவர் சாப்பாட்டுக்கும் வெளியூர்த் தங்கலுக்கும் சேரவேண்டிய படி, கூலியில் ஒரு பகுதி. ‘டீ காசு’ என்பது சின்ன உதவிக்கு. டிப்ஸ் என்பது இது எல்லாவற்றுக்கும் மேல், வேலை பிடித்துப்போனதால் தருவது. பேட்டாவைக் கொடுத்துவிட்டு “டிப்ஸ் கொடுத்தாச்சு” என்று நினைப்பவர்களும் உண்டு. அதைவிட மோசம், “நல்லா டிப்ஸ் தர்றோம்ணா” என்று சொல்லிக் கூலியை அடித்துப் பேசுவது.

பழவேற்காட்டு மீனவரைக் கூட்டிப்போகும்போது இதைக் கொஞ்சம் கவனிக்கணும். அந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு பழைய முறை இருக்கிறது. இறால் வலை கட்டும் இடங்களை ஊர்க் குடும்பங்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. ஒருவரின் முறை வருகிற நாளில் நீங்கள் அவரைக் கூப்பிட்டால், அவர் விட்டுக்கொடுப்பது அன்றைய வருமானத்தை. “இன்னிக்கு உங்க பாடு நாளாண்ணா?” என்று கேட்பது மரியாதையும்கூட, சரியான கூலி பேச வழியும்கூட. முறை நாளாக இருந்தால் வேறு ஆளைக் கேளுங்கள், அவரே சொல்லி அனுப்புவார்.

கூலியை முதலிலேயே ஒளிவுமறைவு இல்லாமல் பேசிவிடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், சாப்பாடு யார் செலவு. அது சரியாக இருந்தால், டிப்ஸ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

திறமைக்கு உரிய கூலி என்றால் என்னவென்று காட்ட நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோனதும், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுவார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. அந்த மக்களில் இருவர், மாசி சடையன், வடிவேல் கோபால், 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கத்தான். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இதே அறிவோடு நம்முடன் வரப்பில் நடந்து வருகிறவரிடம் “சும்மா கூட வர்றதுக்கு இவ்ளோவா?” என்று கேட்கிறவர்களை என்ன சொல்வது!

சரி, எவ்வளவு?

இதற்குச் சட்டப் புத்தகம் இல்லை. என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் பர்ஸுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். தனி கைடு அரை நாள் கூட வந்தால், குரூப்புக்குச் சேர்த்து 200 முதல் 300 ரூபாய். முழு நாள் என்றால் 500. ஆளுக்கு இவ்வளவு இல்லை, எல்லோரும் சேர்ந்துதான். பேசின கட்டணம் பெரிது என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஜீப் டிரைவர் தனியாக இருந்தால் கைடுக்குத் தந்ததில் பாதிக்குக் குறையாமல் அவருக்கும் கொடுங்கள். மாணவர்கள், கையில் காசு இல்லை என்றால் 50 ரூபாயும் தப்பில்லை. பைசா கொடுக்காமல் ரெண்டு நிமிஷம் நின்று, அவர் பெயரைக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தாலும் தப்பில்லை.

மலையேற்றம், கேம்ப் மாதிரி பயணங்களில் இன்னும் கொஞ்சம் யோசிக்கணும். நம்முடன் சிரித்துப் பேசிக்கொண்டு வருபவர் கைடு. டிப்ஸும் அவர் கைக்கே போகும். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியவர், நம் பையைத் தூக்கிக்கொண்டு நமக்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்தவர், பாத்திரம் கழுவிய அக்கா எல்லாம் நம் கண்ணில் படுவதே இல்லை. தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில் இது பெரிய பிரச்னையாகவே இருந்தது. மொத்தப் பணத்தைத் தலைமை கைடிடம் கொடுத்தால், சுமை தூக்குபவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கடைசி நாளில் எல்லோரையும் நிற்க வைத்து, யாருக்கு எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தை அங்குள்ள போர்ட்டர் நல அமைப்பு வலியுறுத்துகிறது. நம்ம கொல்லிமலைக்கு, குரங்கணிக்கு அவ்வளவு சடங்கு வேண்டாம். “சமைச்ச அக்கா எங்க இருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறோம்” என்று கேட்டு அவர் கையிலேயே கொடுத்தால் போதும்.

தேக்கடி மாதிரி இடங்களில் கதை வேறு. அங்கே 1990-களின் பிற்பகுதியில், காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை உரித்துப் பிழைத்தவர்களைக் கேரள வனத்துறை குழுவாகச் சேர்த்து, கைடுகளாகவும் காட்டுக் காவலுக்கும் வைத்தது. இந்த மாதிரிக் குழுக்களில் கட்டணம் பொதுவுக்குப் போய்ப் பங்காகும். தனியாக ஒருவர் பாக்கெட்டில் செருகுவதற்கு முன்னால், “இங்க டிப்ஸ் எப்படி, தனியா தரலாமா, பொதுவா பெட்டி இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள்.

யாருக்குத் தரக் கூடாது?

வனக்காவலர், வனச்சரகர், அரசு சஃபாரி வண்டியின் நிரந்தர ஊழியர் யாருக்கும் வேண்டாம். அவர்கள் அரசு ஊழியர்கள். நீங்கள் அன்பாகத் தந்தது நாளைக்கு அவர்கள் மேல் லஞ்சப் புகாராகத் திரும்பலாம். முதுமலை தெப்பக்காடு முகாமில் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023-ல் ஆஸ்கர் வாங்கிய பிறகு கூட்டம் அதிகம். பாகனிடம் நூறு ரூபாயை நீட்டி “யானையோட ஒரு செல்ஃபி” என்று கேட்பது, மேலே சொன்ன பூநாரைக் கதைதான். பிடித்திருந்தால் அவர் வேலையைப் பாராட்டி வனத்துறைக்கு ஒரு கடிதமோ மெயிலோ போடுங்கள். அரசு ஊழியருக்கு அது நூறு ரூபாயைவிட உபயோகமானது.

ஏரிக்கரையில் பின்னாலேயே ஓடிவரும் பசங்களுக்குக் காசு தராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருமானம் பார்த்துவிட்டால் திங்கட்கிழமை ஸ்கூல் கசக்க ஆரம்பிக்கும். பைனாகுலரைக் கையில் கொடுத்து ஒருமுறை பார்க்க விடுங்கள், அந்தச் சந்தோஷமே தனி.

அப்புறம் குவார்ட்டர். “அண்ணனுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம்டா” என்பது நம்ம ஊர் ட்ரிப்புகளில் ரொம்ப சகஜம். வேண்டவே வேண்டாம். தண்ணியிலும் காட்டிலும் உங்களை வழிநடத்துகிறவருக்கு மது வாங்கித் தருவது உங்கள் உயிருக்கே நல்லதில்லை. வேலை முடிந்த பிறகு என்றாலும், அந்தக் காசு வீட்டுக்குப் போகட்டும். என்ன செய்யணும் என்று அவர் முடிவு பண்ணிக்கொள்வார்.

பழைய ஷூ, டி-ஷர்ட் கொடுப்பதும் டிப்ஸ் கணக்கில் வராது. நல்ல நிலையில் இருந்து, “உங்களுக்கு உபயோகப்படுமாண்ணா?” என்று கேட்டு அவர் சரி என்றால் கொடுக்கலாம். காசுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது.

கையில் நூறு ரூபாய் நோட்டு

ஏரிப் பக்கம் சிக்னல் வரும், போகும். க்யூஆர் கோடு எல்லோரிடமும் இருக்காது. சிலர் வீட்டில் போன் பிள்ளைகளிடம் இருக்கும், ஜிபே செய்தால் பணம் அங்கே போய் நிற்கும். கிளம்பும்போதே ஆரம்பாக்கம் பஜாரில் 500-ஐ நூறு ரூபாய் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் என்றால் காலையிலேயே ஒருவரிடம் சேர்த்துக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது நாலு பேர் பார்க்க நோட்டை விசிறி மாதிரி நீட்டுவது, கொடுப்பதை வீடியோ எடுப்பது இரண்டும் வேண்டாம். மடித்து, கையில் வைத்து, “ரொம்ப தேங்க்ஸ்ணா, பசங்களுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்க” என்றால் போதும். வேண்டாம் என்று ஒருமுறை மறுப்பார், இன்னொரு முறை சொல்லலாம். இரண்டாவது முறையும் மறுத்தால் விட்டுவிடுங்கள். அவர் உங்களை விருந்தாளியாக நினைத்துக் கூட்டிப்போயிருக்கிறார். அப்படியானால் எடுத்த போட்டோவில் அவர் இருப்பதை மட்டும் பிரின்ட் போட்டு, அடுத்த முறை வரும்போது கொண்டு வாருங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்திருப்பீர்கள். அந்த டிரைவர் மூணு மணி நேரம் வேப்பமரத்தடியில் காத்திருப்பார். வெயிட்டிங் சார்ஜ் எவ்வளவு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது ஒரு தண்ணீர் பாட்டிலும் சேர்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.